எலிக்காய்ச்சல்: காமாலை என்று நினைத்து நாம் நாளைக் கடத்தும் காய்ச்சல்

கடலூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ரத்தம் எடுத்து, மெஷினில் வைத்து, வருகிற எண்களைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எங்கள் பெஞ்சில் உட்கார இடம் இருக்காது. டெங்குவா பாருங்க, டைஃபாய்டா பாருங்க, கண்ணு மஞ்சளா இருக்கு காமாலையா பாருங்க என்று வருகிறவர்கள் எல்லோரும் இந்த மூன்றைத்தான் சொல்வார்கள். மூன்றிலும் சிக்காவிட்டால் ஊரில் அதற்கு மர்மக் காய்ச்சல் என்று பெயர். எலிக்காய்ச்சலாக இருக்குமோ என்று கேட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2024 டிசம்பரில் அந்த பெஞ்சில் என் சித்தப்பாவே வந்து உட்கார்ந்தார். குறிஞ்சிப்பாடி பக்கம் ரெண்டு ஏக்கர் சம்பா போட்டிருந்தார். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில் பயிர் மூழ்கிவிட்டது. மூன்று நாள் தொடை அளவுத் தண்ணீரில் நின்று வரப்பை வெட்டிவிட்டு வடிய வைத்தார். தண்ணீர் வடிந்தது, பயிரும் ஓரளவு தப்பியது. அதற்கப்புறம் ஒரு பத்து நாள் கழித்துக் காய்ச்சல். மருந்துக்கடை மாத்திரையில் மூன்று நாள் போனது. கண் மஞ்சளானதும் சித்தி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்து, உப்பில்லாச் சோறு போட்டு இன்னும் நாலு நாள் வைத்திருந்தாள். சிறுநீர் குறைந்து, ஆள் சோர்ந்து போன பிறகுதான் என்னிடம் கூட்டி வந்தார்கள்.

அவரை ஆட்டோவில் ஏற்றும்போது கெண்டைக்கால் சதையைப் பிடித்துத் தூக்கினேன். "ஐயோ, தொடாதடா" என்று கத்திவிட்டார். காய்ச்சல்காரர் கால் வலிக்கிறது என்று சொல்வது வழக்கம்தான், ஆனால் கை பட்டதற்கே துடித்தது எனக்கு உறுத்தியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அங்கே இருந்த மருத்துவர் முதலில் கேட்டது, "வயல்ல இறங்கினீங்களா?" என்றுதான். அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது ஏன் அவ்வளவு முக்கியமான கேள்வி என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

## பெயரால் வரும் குழப்பம்

எலிக்காய்ச்சல் என்றதும் எலி கடித்தால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். எலி கடித்து வருகிற காய்ச்சல் தனியாக உண்டு, அது வேறு கிருமி. இன்னும் சிலர் பழைய பிளேக் கதைகளை வைத்து, ஊரில் எலி செத்து விழுந்தால்தான் பயப்பட வேண்டும் என்கிறார்கள். இந்த நோயில் எலி சாகாது, அதற்குக் காய்ச்சல்கூட வராது. நன்றாகத் தின்றுகொண்டு, வரப்பில் வளை தோண்டிக்கொண்டு, போகிற இடமெல்லாம் சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும். நோய் பரவுவது அந்தச் சிறுநீர் வழியாகத்தான்.

மருத்துவத்தில் இதன் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ், சுருக்கமாக லெப்டோ. காரணம் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா, அதாவது ஒரே செல்லால் ஆன, தானே பெருகக்கூடிய நுண்ணுயிர். டெங்கு, ஹெபடைடிஸ் போன்றவற்றை உண்டாக்கும் வைரஸ்கள் மீது ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, பாக்டீரியா மீது செய்யும். சரியான மருந்தை நேரத்தில் கொடுத்தால் குணமாகும் நோய் இது என்பதால்தான் இதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு அவ்வளவு வருத்தமாக இருக்கிறது.

எலி, பெருச்சாளி மட்டும் இல்லை. மாடு, ஆடு, பன்றி, நாய் எல்லாமே இந்தக் கிருமியைச் சுமக்கலாம். மாட்டுக் கொட்டகையில் வெறுங்காலோடு நின்று கோமியம் கலந்த சேற்றைத் தள்ளுகிறவர்களுக்கும் இது வரும். ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது, அதனால் நோயாளியைத் தனியாக ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

## குழாய்க்குள் பாசி மாதிரி

எலிக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? வீட்டு மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாயின் உட்சுவரில் பாசி பிடித்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாசியால் குழாய் உடைவதில்லை, தண்ணீரும் நிற்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் கொஞ்சம் பாசி அடித்துக்கொண்டு வரும். எலியின் சிறுநீரகத்தில் உள்ள நுண்ணிய குழாய்களின் சுவரில் லெப்டோஸ்பைரா இப்படித்தான் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. மாதக்கணக்கில், சில எலிகளில் ஆயுள் முழுக்க.

கிருமியின் உருவமும் விசேஷமானது. மெல்லிய கம்பியைச் சுருள் சுருளாக முறுக்கி, நுனியைத் தூண்டில் முள் மாதிரி வளைத்துவிட்டது போல் இருக்கும். இதில் ஒரு வகைக்கு இன்டெரோகன்ஸ் என்று பெயர் வைத்ததே அந்த வளைந்த நுனி கேள்விக்குறி போல இருப்பதால்தான். அவ்வளவு மெல்லியது என்பதால் எங்கள் கூடத்தில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப்பில் இது தெரியாது. காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வரும் இந்தக் காய்ச்சலை ஜெர்மனியில் அடால்ஃப் வைல் என்ற மருத்துவர் 1886-லேயே விவரித்துவிட்டார். கிருமி எது என்று கண்டுபிடிக்க இன்னும் முப்பது வருஷம் ஆனது, 1915 வாக்கில் ஜப்பானில் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான் அது பிடிபட்டது.

வெளியே வந்த கிருமிக்கு ஈரம் வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில், தோதான இடத்தில் மாதக்கணக்கில்கூட இருக்கும். காய்ந்தால் செத்துவிடும். நல்ல வெயில், கொதிநீர், பிளீச்சிங் பவுடர் எதையும் தாங்காது. கடல் தண்ணீரின் உப்பும் அதற்கு ஒத்துவராது. அதனால் சில்வர் பீச்சில் அலையில் நிற்பவரை விட, மழை நின்ற பிறகு தெருவில் கணுக்கால் அளவுத் தேங்கிய தண்ணீரில் நடந்து பால் வாங்கப் போகிறவருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம்.

நம் மாவட்டத்தைப் பாருங்கள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் என்று மேற்கே பெய்கிற மழையெல்லாம் இந்தப் பக்கமாகத்தான் கடலுக்குப் போகிறது. வெள்ளம் வந்தால் எலி வளைகளெல்லாம் நிரம்பி, எலிகள் மேட்டுக்கு, அதாவது நம் வீட்டுக்கு, ஏறி வரும். வளையிலும் சாக்கடையிலும் இருந்தது ஊர்த் தண்ணீரோடு கலக்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: எலி உள்ளிட்ட விலங்குகளின் சிறுநீரில் கிருமி, அது ஈரத்தில் உயிரோடு காத்திருக்கிறது, நாம் அந்த ஈரத்தில் கால் வைக்கிறோம்.

## உள்ளே நுழையும் வழி

நல்ல தோல் என்பது பூசிய சுவர் மாதிரி, சுலபத்தில் எதையும் உள்ளே விடாது. ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரில் நின்ற காலைப் பார்த்திருக்கிறீர்களா? வெளுத்து, சுருங்கி, விரல் இடுக்கெல்லாம் பிய்ந்து, ஊறின சுவரில் பூச்சு உதிர்கிற மாதிரி ஆகிவிடும். நடவு, களை எடுப்புக் காலத்தில் அனேகமாக எல்லோர் காலிலும் இருக்கும் சேற்றுப்புண் இந்தக் கிருமிக்குத் திறந்த வாசல். வரப்பு வெட்டும்போது பட்ட கீறல், செருப்புக் கடி, முள் குத்திய இடம் எல்லாமே வழிதான். அழுக்குத் தண்ணீர் கண்ணில் தெறித்தாலும், வாய்க்கோ மூக்குக்கோ போனாலும் அங்கிருக்கும் மெல்லிய சவ்வு வழியாக நுழைந்துவிடும்.

நுழைந்த இடத்தில் வீக்கமோ சீழோ எதுவும் வராது. அதனால் அன்றைக்கு ஏதோ நடந்தது என்றே தெரியாது.

## தண்ணீர் வடிந்த பிறகு வரும் காய்ச்சல்

கிருமி நுழைந்த நாளுக்கும் காய்ச்சல் வரும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும். சிலருக்கு 2 நாளிலேயே வரலாம், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். நோய் கவனத்துக்கு வராமல் போவதற்கு இந்த இடைவெளிதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். காய்ச்சல் வரும்போது தெருவில் தண்ணீர் இல்லை, வெயில் அடிக்கிறது, நிவாரணப் பணமும் வந்து செலவாகிவிட்டது. பத்து நாள் முன்பு தண்ணீரில் நின்றதை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

முதல் வாரத்தில் கிருமி ரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றும். திடீரென்று குளிர்காய்ச்சல், கடுமையான தலைவலி, இடுப்பு வலி, முக்கியமாகக் கெண்டைக்கால் சதையில் தொட முடியாத வலி. கண் சிவக்கும், ஆனால் மெட்ராஸ் ஐ மாதிரி பீளை கட்டாது. இந்தக் கால்வலியும் பீளையில்லாத சிவந்த கண்ணும் சேர்ந்திருந்தால் மருத்துவர்கள் உடனே லெப்டோவை நினைப்பார்கள். இரண்டும் எல்லோருக்கும் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு இதோடு அடங்கிவிடும். சாதாரணக் காய்ச்சல் வந்து போனது என்று மறந்தும் விடுவார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் கிருமி உறுப்புகளைத் தாக்கி, காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, ரத்தக்கசிவு என்று முற்றும். இந்தக் கடுமையான வடிவத்துக்குத்தான் வைல் நோய் என்று பெயர். எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தாலும், உலகம் முழுக்க வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் இது வருகிறது, ஏறத்தாழ 60,000 பேர் சாகிறார்கள் என்று 2015-ல் வெளியான கணக்கு சொல்கிறது.

## காமாலை ஒரு நோயின் பெயர் இல்லை

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

காமாலை என்பது ஓர் அடையாளம், புகை மாதிரி. புகை வந்தால் எங்கே எரிகிறது என்று தேட வேண்டுமே தவிர, புகைக்கு மருந்து போட முடியாது. நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் வயதாகி உடையும்போது மஞ்சள் நிறத்தில் ஒரு கழிவு உண்டாகிறது, அதன் பெயர் பிலிருபின். கல்லீரல் அதை வாங்கிப் பதப்படுத்தி, பித்தநீரோடு சேர்த்துச் சின்னச் சின்ன வாய்க்கால்கள் வழியாகக் குடலுக்கு அனுப்பிவிடும். இந்த வழியில் எங்கே கோளாறு வந்தாலும் பிலிருபின் ரத்தத்தில் தேங்கி, கண்ணும் தோலும் மஞ்சளாகும். காரணம் வைரஸாக இருக்கலாம், பித்தக்கல்லாக இருக்கலாம், சாராயமாக இருக்கலாம், லெப்டோவாகவும் இருக்கலாம்.

ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. அழுக்குத் தண்ணீர், உணவு வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் வைரஸ் வகை. அவையும் வெள்ளத்துக்குப் பிறகு வரக்கூடியவை என்பதுதான் சிக்கலே. எப்படிப் பிரித்து அறிவது? எங்கள் தாளில் இருக்கும் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

கல்லீரல் செல்லைப் பால் பாக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஜிபிடி என்பது அந்தச் செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி, பாக்கெட்டுக்குள் இருக்கும் பால். பாக்கெட் கிழிந்தால்தான் பால் வெளியே கொட்டும். வைரஸ் ஹெபடைடிஸில் செல்கள் கும்பல் கும்பலாகக் கிழிகின்றன. அதனால் வழக்கமாக ஏறக்குறைய 40-க்குள் இருக்க வேண்டிய எஸ்ஜிபிடி 1000, 2000 என்று போய் நிற்கும். லெப்டோ வேறு மாதிரி வேலை செய்கிறது. அது பாக்கெட்டுகளை அவ்வளவாகக் கிழிப்பதில்லை, செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. செங்கல் நன்றாக இருந்தும் இடையில் உள்ள சிமெண்ட் உதிர்ந்தால் வாய்க்கால் கசியும் இல்லையா, அப்படிப் பித்தநீர் ரத்தத்துக்குள் கசிந்துவிடுகிறது. அதனால் பிலிருபின் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும், எஸ்ஜிபிடியோ பெரும்பாலும் 200-க்குள்தான் இருக்கும்.

சித்தப்பாவின் தாளில் பிலிருபின் 11, எஸ்ஜிபிடி 92. தாளை அச்சடித்தவனே நான்தான், எஸ்ஜிபிடி பெரிதாக ஏறவில்லையே என்று மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. கீழே கிரியாட்டினின் 3.4 என்று இருந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த நிம்மதி போனது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ஆண்களுக்கு ஏறக்குறைய 1 இருக்க வேண்டும். ஏறினால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று அர்த்தம். சாதாரண வைரஸ் காமாலையில் இது இப்படி ஏறுவது வழக்கமில்லை.

இன்னொரு வித்தியாசத்தை வீட்டிலேயே கவனிக்கலாம். வைரஸ் காமாலையில் முதலில் காய்ச்சல் வரும், கண் மஞ்சளாகும் நேரத்தில் பெரும்பாலும் காய்ச்சல் விட்டிருக்கும். லெப்டோவில் காய்ச்சலும் காமாலையும் சேர்ந்தே நிற்கும்.

இப்போது கீழாநெல்லிக்கு வருவோம். நம் ஊரில் அதன்மேல் இருக்கும் நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, எங்கள் பாட்டியும் கொடுத்தவள்தான். ஆனால் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும் நோய். அந்தச் சில வாரங்களில் நாம் எதைக் குடித்தாலும் குணமானது போலத்தான் இருக்கும். லெப்டோவில் காத்திருக்க அப்படி வாரக்கணக்கில் நேரம் கிடையாது. பத்தியம் இருந்த அந்த நாலு நாளில்தான் சித்தப்பாவின் சிறுநீரகம் கெட்டது. சித்தி அதை நினைத்து இன்றும் அழுகிறாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்?

சுருக்கமாக: பிலிருபின் மிக அதிகம், எஸ்ஜிபிடி கொஞ்சம்தான் ஏற்றம், கிரியாட்டினின் உயர்வு, காய்ச்சலும் விடவில்லை என்றால் அது சாதாரணக் காமாலை இல்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

## சிறுநீரகமும் நுரையீரலும்

எலிக்குள் சிறுநீரகக் குழாயில் குடியிருப்பது போலவே நமக்குள்ளும் இந்தக் கிருமி அங்கே போய்ச் சேர்கிறது. எலி பழகிவிட்டது, நம் சிறுநீரகம் வீங்கிச் செயலிழக்கிறது. நல்ல செய்தி, சரியான நேரத்தில் சிகிச்சையும் தேவைப்பட்டால் சில நாள் டயாலிசிஸும் கிடைத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கல்லீரலும் அப்படித்தான், செங்கல் உடையவில்லையே.

நுரையீரல் விஷயம் வேறு. அங்கே ரத்தக்கசிவு ஏற்பட்டால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிப் போகலாம், அதுவும் கண் கொஞ்சமும் மஞ்சளாகாமலே. காய்ச்சலோடு மூச்சுத்திணறலோ சளியில் ரத்தமோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

அந்தமானில் 1988 முதல் இப்படி நுரையீரலில் ரத்தம் கசிந்து மக்கள் இறந்தார்கள். காரணம் தெரியாமல் அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1993-ல்தான் அது லெப்டோஸ்பைரா என்று தெரியவந்தது. மர்மக் காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

## பரிசோதனை இல்லை என்று சொன்னால்?

பெரும்பாலான இடங்களில் செய்யப்படுவது ஐஜிஎம் பரிசோதனை. ஐஜிஎம் என்பது கிருமிக்கு எதிராக உடம்பு முதலில் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள். அது ரத்தத்தில் தெரிவதற்கே காய்ச்சல் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இரண்டாம் நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு, நெகடிவ் என்று வந்ததும் அப்பாடா என்று போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த நெகடிவுக்கு அர்த்தம் இன்னும் தெரியவில்லை என்பதுதான். முதல் வாரத்தில் கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை உதவும், எல்லா இடத்திலும் கிடைக்காது.

அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் முடிவுக்காகக் காத்திருக்காமல், அறிகுறியையும் தண்ணீரில் நின்ற கதையையும் வைத்தே மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். மருந்துகள் புதியவையோ விலை உயர்ந்தவையோ இல்லை. லேசான நோய்க்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை, கடுமையாக இருந்தால் பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். நம் பகுதியில் அதிகம் காணப்படும் உண்ணிக்காய்ச்சலுக்கும் டாக்ஸிசைக்ளின் கேட்கும் என்பது மருத்துவர்களுக்கு இன்னொரு வசதி. இதைப் படித்துவிட்டு நீங்களே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேறு மருந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்வது. போன ஒரு மாதத்தில் வயலில் இறங்கினேன், வெள்ளத் தண்ணீரில் நடந்தேன், சாக்கடை அடைப்பு எடுத்தேன், வாய்க்காலில் மீன் பிடித்தேன், கொட்டகை கழுவினேன், எலி பிடித்தேன் என்று எது உண்டோ அதை. அப்புறம், காய்ச்சல் தொடங்கி இது எத்தனையாவது நாள் என்பதையும்.

## தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

விவசாயியிடம் தண்ணீரில் இறங்காதே என்று சொல்வது வீண் பேச்சு. முட்டளவு ரப்பர் பூட்ஸ் துப்புரவுப் பணியாளருக்குக் கட்டாயம் வேண்டும், ஆனால் நாற்று நடுகிற சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு எட்டு எடுத்து வைக்க முடியாது. நடக்கிற காரியமாகச் சொல்வதானால்: புண்ணோடு இறங்காதீர்கள், இறங்கித்தான் தீரவேண்டும் என்றால் தண்ணீர் புகாத கட்டுப் போடுங்கள். கரையேறியதும் பம்புசெட் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்து வடிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைக் கழுவுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டுக்கும் சேர்த்தே பாதுகாப்பு.

கேரளத்தில் எலிப்பனி என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2018 வெள்ளத்தின்போது தண்ணீரில் வேலை செய்தவர்களுக்கு அங்கே சுகாதாரத் துறையே டாக்ஸிசைக்ளினைத் தடுப்பு மருந்தாகக் கொடுத்தது, வாரம் ஒரு முறை. வெள்ள மீட்பு வேலைக்குப் போகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பற்றிக் கேட்கலாம். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. மனிதர்களுக்கு நம் நாட்டில் அப்படி ஒன்று வழக்கத்தில் இல்லை.

ஒருமுறை வந்தால் மறுபடி வராதா என்று கேட்டால், வரும். இந்தக் கிருமியில் 200-க்கும் மேற்பட்ட ரகங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு இன்னொன்றைப் பெரும்பாலும் தடுக்காது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்த சித்தப்பா இந்த வருஷமும் சம்பா போட்டிருக்கிறார். காலில் சேற்றுப்புண் இருந்தால் அது ஆறும்வரை வரப்பில் நின்றுதான் ஆள் வைத்து வேலை வாங்குகிறார். அந்த ஆட்களின் காலையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வயலில் இறக்குகிறார்.